உதடு அசைந்ததா

எனிஸ்கிலன் கோர்ட்டில் என்னிடம் கேட்டது
மொத்தம் ஆறு கேள்வி.
பெயர்? ஏபல் பீட்டி.
தொழில்? கோயில் குட்டியார்.
மணி அடிப்பது, குழி வெட்டுவது,
ஞாயிற்றுக்கிழமை நாய்களை விரட்டுவது.
சிரித்தார்கள். நீதிபதியும்.
ஹம்ஃப்ரி குரோசியரைத் தெரியுமா?
தெரியும். போன டிசம்பரில் அவனுக்குக் குழி வெட்டியவன் நான்தான்.

ஹம்ஃப்ரி எங்கள் ஆள், புராட்டஸ்டண்ட் வீட்டுப் பிள்ளை.
ஸபைனா மக்காஃப்ரியைக் கட்டிக்கொள்ள வேண்டி
அவளுடைய சாமியாரிடம் போய் மாறினான்.
அங்கேயும் ஒரு சட்டம் குந்தியிருந்தது.
நூறு வயசு, பல் மட்டும் விழவில்லை:
கல்யாணத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில்
ஒருநாளேனும் புராட்டஸ்டண்டாக இருந்தவனுக்குக்
கத்தோலிக்கச் சாமியார் நடத்திவைப்பது
கல்யாணமே இல்லை.

காத்திருந்தான்.
அடுப்புச் சுவரில் கரிக்கோடு இழுத்து இழுத்துப்
பதினாலு மாதத்துக்கும் மேலே.
அவசரக்காரன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் மாதத்தில் அவன் தாய் செத்துப்போனாள்.

நான்காம் கேள்வி: அடக்க ஆராதனைக்கு வந்தானா?
வந்தான். நல்ல மழை.
கடைசி வரிசைக்கும் பின்னால், மணிக்கயிற்றின் பக்கத்தில்,
தொப்பியைப் பிழிந்துகொண்டு நின்றான்.
முழங்கால்படியிட்டானா?
தூண் மறைத்தது. தெரியாது.

சங்கீதம் பாடும்போது
உதடு அசைந்ததா?

எனக்கு விளங்காதென்று
வக்கீல் தன் உதட்டையே தொட்டுக் காட்டினார்.
அசைந்தது என்றேன்.
வேதப்புத்தகத்தின் மேல் கை. அசைந்தது உண்மை.

அடக்கத்திலிருந்து கல்யாணம் வரை
பதினோரு மாதமும் நான்கு நாளும்.
இரண்டு குமாஸ்தாக்கள் தனித்தனியே எண்ணினார்கள்.
ஒன்பது வருஷக் குடித்தனம்
மதியச் சாப்பாட்டுக்கு முன்னே அவிழ்ந்துபோனது.
பதினெட்டு ஏக்கரும் தம்பி லான்ஸ்லட்டுக்கு.
மூன்று பிள்ளைகளின் பெயருக்கு எதிரே
குமாஸ்தா எழுதிய சொல்லை
நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவர்கள் கேட்காதது ஒன்று:
ஹம்ஃப்ரிக்குத் திக்குவாய்.
ஒரே பெஞ்சில் ஐந்து வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்.
சொல் வருவதற்கு முன்னால் உதடு தனியே புறப்பட்டுவிடும்,
கதவு திறக்காத வீட்டைச்
சுற்றிச்சுற்றி வருகிறவன் மாதிரி.
அம்மா என்று அவன் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு வயலைக் கடந்துவிடலாம்.
அன்றைக்குப் பாடினானா,
அவளைக் கூப்பிடப் பார்த்தானா?

கேட்டதற்குப் பதில் சொன்னேன்.
லான்ஸ்லட் எனக்குக் காசு எதுவும் தரவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டும் என்றிருந்தது.
அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஸபைனாவை ஒரே ஒரு தடவை பார்த்தேன்,
சந்தையில் முட்டை விற்றுக்கொண்டிருந்தாள்.
திட்டுவாள் என்று நின்றேன்.
"அன்றைக்கு 'சம்மதம்' என்ற ஒரு சொல்லுக்கு
சாமியார் மெழுகுவர்த்தியையே மாற்ற வேண்டியிருந்தது, தெரியுமா ஏபல்?"
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
முட்டைக்கு முழு விலையும் வாங்கிக்கொண்டாள்.

எழுபதாம் வருஷம்
சோப்பு சுற்றி வந்த பேப்பரில் படித்தேன்:
இனிமேல் அந்தச் சாமியார்களே நடத்தினாலும் செல்லுமாம்.
இனிமேல்.
அந்தச் சொல்லை ஈரவிரலால் தள்ளிப் பார்த்தேன்.
மை இழுபட்டதே தவிர
ஒரு வருஷம்கூடப் பின்னால் நகரவில்லை.

இப்போதெல்லாம் சங்கீதம் தொடங்கியதும்
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.
போன வாரம் குருவானவர் கேட்டார்:
பல்வலியா ஏபல்?
ஆமாம் ஐயா என்றேன்.
கேட்ட கேள்விக்கு
அதுவும் பதில்தான்.